நம் கையிலிருக்கும் வெள்ளிக்கு யார் பொறுப்பு? – பேங்க் நெகாராவின் கதை



பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரவேண்டுமென்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். மலாக்காக்காரர்கள் வரலாறு எழுதினால் பரமேசுவராவில் தொடங்கி ஆ பாமோசா கோட்டையில் முடிப்பது வழக்கம். அவையெல்லாம் பாடநூலில் இருக்கின்றன. நான் உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஒரு சரித்திரத்தை எழுதலாமென்று நினைக்கிறேன். மடித்து வைத்திருக்கும் ஒரு ரிங்கிட் நோட்டை வெளியே எடுத்துப் பாருங்கள். அதில் 'பேங்க் நெகாரா மலேசியா' என்று அச்சிட்டிருக்கும். ஒரு கையெழுத்தும் இருக்கும். அது அந்த வங்கியின் கவர்னர் போட்ட கையெழுத்து.

இந்தத் துண்டைக் கொடுத்தால் கடைக்காரர் ரொட்டி கொடுக்கிறார். ஏன் கொடுக்கிறார் என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? எங்கள் குடும்பத்தில் இரண்டு தடவை யோசிக்க வேண்டி வந்தது. முதல் தடவை கையிலிருந்த பணம் முழுசாகப் போச்சு. இரண்டாம் தடவை வெள்ளிக்குப் பதினைந்து காசு போச்சு. ஏன் போச்சு என்பது வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. 'எல்லாம் நம்ம நேரம்' என்று சொல்லிவிட்டு மறுநாள் விடியுமுன் பிரட்டுக்குப் போய்விட்டார்கள். நான் பயிற்சிக் கல்லூரியில் படிக்கிற காலத்தில்தான் இதன் காரணத்தைத் தேட ஆரம்பித்தேன். அப்படித் தேடியபோது கிடைத்ததே இந்தக் கதை.

முதலில் நம்ம ஊரிலிருந்தே தொடங்குகிறேன். நான் குடியிருப்பது தெங்கேராவில். பாடம் சொல்லிக் கொடுப்பது தோட்டத்துப் பள்ளியில். போர்த்துகீசியர் காலத்தில் நகரத்துக்கு வெளியே அமைத்த காவல் அரணுக்கு அவர்கள் பாஷையில் வழங்கிய பெயர்தான் தேய்ந்து 'தெங்கேரா' ஆயிற்று. பக்கத்தில் காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிகளின் கம்பம் இருக்கிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் கடற்கரையில் கப்பல்கள் வந்து நின்றபோது, துணிக்கும் மிளகுக்கும் விலை பேசியவர்களில் தமிழ் வணிகர் பலர். சுல்தான்கள் காலத்தில் சில்லறைக்கு ஈயக் காசுகள் புழங்கின. 1511-ல் ஊரைப் பிடித்த அல்புகெர்க்கு, சுல்தானின் காசை ஒழித்துத் தன் ராஜாவின் பெயரில் புதுக்காசு அடிக்கச் செய்தான். ஊரைப் பிடித்தவன் அதன் காசையும் மாற்றுவான் என்பதை இங்கேயே கண்டுகொள்ளலாம். இன்னொரு செய்தி. கீழைநாட்டுச் சில்லறைக் காசை ஐரோப்பியர் 'கேஷ்' என்று எழுதிவைத்தார்கள். அந்தச் சொல்லின் வேர் நம்முடைய 'காசு'தான். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாம் இன்றும் 'பத்து வெள்ளி, இருபது வெள்ளி' என்றுதானே பேசுகிறோம். அரசாங்கம் 1975-ல் ரிங்கிட், சென் என்று பெயரிட்டுவிட்டது. நம் வாயில் வெள்ளியும் காசும் போகவில்லை. காரணம், ஒரு காலத்தில் அது உண்மையாகவே வெள்ளி. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றையும் வெள்ளைக்காரன் கல்கத்தாவிலிருந்து ஆண்டபோது சர்க்கார் கணக்கு ரூபாயில் இருந்தது. சந்தையிலோ ஸ்பெயின், மெக்சிக்கோ நாடுகளின் வெள்ளி நாணயந்தான் செல்வாக்காக ஓடியது. 'ரிங்கிட்' என்ற மலாய்ச் சொல்லும் அந்த நாணயத்தின் ரம்பப்பல் போன்ற விளிம்பைக் குறித்ததுதான். 1867-ல் இந்த மூன்று ஊர்களும் லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போயின. பிறகு நாணய ஆணையாளர் வாரியம் என்று ஒன்றை ஏற்படுத்தி, 1899 முதல் நோட்டு வெளியிட்டார்கள். 1906-ல் ஒரு வெள்ளிக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று மதிப்பைக் கட்டிவைத்தார்கள். அதாவது அறுபது வெள்ளிக்கு ஏழு ஸ்டெர்லிங் பவுன். இந்தக் கட்டு அறுபது ஆண்டுகளுக்கு அவிழவில்லை.

இந்த வாரியத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். பின்னால் வருவதெல்லாம் இதில் அடங்கியிருக்கிறது. வாரியம் ஒரு வங்கி அல்ல. அது ஒரு பணமாற்றுக் கடை மாதிரி. லண்டனில் பவுன் கட்டினால் இங்கே வெள்ளி நோட்டு கொடுக்கும். இங்கே நோட்டைத் திருப்பிக் கொடுத்தால் லண்டனில் பவுன் கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்தப் பவுன் எங்கிருந்து வந்தது? ரப்பர் விற்ற பணம். ஈயம் விற்ற பணம். மலாயாவில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று ரப்பர் பயிரிட்டது நம் மலாக்காவிலே, 1896-ல், புக்கிட் லிந்தாங்கில். பயிரிட்டவர் டான் சே யான். பிறகு தோட்டம் தோட்டமாகக் காடு அழிந்து கித்தா மரம் வந்தது. மரத்தோடு நம் முன்னோர்களும் கப்பலேறி வந்தார்கள். விடிகாலையில் அவர்கள் வெட்டிய பாலுக்கு ஈடாகவே லண்டனில் பவுன் சேர்ந்தது. அந்தப் பவுனுக்கு ஈடாகவே இங்கே நோட்டு அச்சானது. ஆகவே மலாயா வெள்ளிக்குப் பின்னால் நின்றது தங்கமோ வெள்ளியோ மட்டுமல்ல, நம்மவர்களின் வியர்வையும்கூட என்று சொன்னால் அது மேடைப்பேச்சு ஆகாது, கணக்கே அப்படித்தான்.

அந்த ஏற்பாட்டில் நோட்டுக்கு நல்ல ஈடு இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் நாட்டுக்குக் கஷ்டம் வந்தால் கைகொடுக்க ஆளில்லை. 1930-க்குப் பிறகு உலக மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்தபோது, வரும் பவுன் குறைந்தது. உடனே நாட்டில் புழங்கும் வெள்ளியும் குறைந்தது. பணம் வேண்டிய வேளையில் பணம் சுருங்கிற்று. தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்தது. தமிழர்கள் ஆயிரமாயிரமாகத் திரும்பவும் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அந்நேரம் இங்கே ஒரு மத்திய வங்கி இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஏதாவது செய்து பார்க்க ஓர் ஆளாவது இருந்திருப்பார்.

இனி எங்கள் குடும்பத்து முதல் நஷ்டம். 1942-ல் ஜப்பான்காரன் வந்தான். அவன் அச்சடித்த பத்து வெள்ளி நோட்டில் வாழைமரப் படம் இருந்தது. அதனால் ஜனங்கள் அவன் பணம் முழுவதையுமே வாழைமர நோட்டு என்றார்கள். அந்த நோட்டுக்கு லண்டனிலும் ஈடில்லை, டோக்கியோவிலும் ஈடில்லை. வேண்டும்போதெல்லாம் அச்சடித்தார்கள், போகப் போக வரிசை எண்கூட இல்லாமல் வந்தது. அரிசி விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. மரவள்ளிக் கிழங்குதான் சாப்பாடு. என் பாட்டிக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். அவருடைய தகப்பனார் ஆடு விற்ற காசு, கோழி விற்ற காசு என்று ஒரு தகரப்பெட்டி நிறைய வாழைமர நோட்டு சேர்த்து வைத்திருந்தாராம். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் திரும்பி வந்து, ஜப்பான் பணம் செல்லாது என்று அறிவித்துவிட்டது. பெட்டியில் இருந்த பணத்தைப் பிள்ளைகள் கடை வைத்து விளையாடினார்கள். 'நாங்க பணக்கார வீட்டுப் பிள்ளைங்க மாதிரி நோட்டுல விளையாடினோம்டா' என்று பாட்டி சிரித்துக்கொண்டே சொல்வார். அவருடைய அப்பா சிரித்ததாக ஒருநாளும் சொன்னதில்லை.

போருக்குப் பிறகு பழைய வாரியமே திரும்பவும் நோட்டு வெளியிட்டது. 1952 முதல் சரவாக், வட போர்னியோ, புருணை ஆகியவையும் அதில் சேர்ந்தன. ஆனால் சுதந்திரம் நெருங்க நெருங்க, கொடியும் பாட்டும் மட்டும் போதாது, சொந்தமாக ஒரு மத்திய வங்கியும் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 1954-ல் மலாயாவுக்கு வந்த உலக வங்கிக் குழு அதைப் பரிந்துரை செய்தது. அடுத்து வாட்சன், சர் சிட்னி கெய்ன் என்ற இரு நிபுணர்கள் 1956-ல் தனி அறிக்கையே எழுதிக் கொடுத்தார்கள். 1958-ல் சட்டம் நிறைவேறியது. 1959 ஜனவரி 26-ம் நாள் 'பேங்க் நெகாரா தானா மெலாயு' கதவு திறந்தது. முதல் கவர்னர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வில்காக். 1962-ல் அவருக்குப் பின் வந்தவர்தான் நம் நாட்டவரான முதல் கவர்னர், துன் இஸ்மாயில் முகமது அலி. 1980 வரை, பதினெட்டு ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். கண்டிப்புக்குப் பேர்போனவர்.

வங்கி பிறந்துவிட்டது, ஆனாலும் நோட்டு அடிக்கும் உரிமை உடனே அதன் கைக்கு வரவில்லை. பழைய வாரியம் பல நாடுகளுக்குப் பொது என்பதால் எல்லாரும் கலந்து பேச வேண்டியிருந்தது. 1963-ல் மலேசியா உருவாயிற்று. 1965-ல் சிங்கப்பூர் பிரிந்தது. பிரிந்த பிறகும் இரண்டு நாட்டுக்கும் ஒரே பணமாக வைத்துக்கொள்ளலாமா என்று பேசிப் பார்த்தார்கள். 1966-ல் அந்தப் பேச்சு முறிந்தது. கடைசியில் 1967 ஜூன் 12-ம் நாள் மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தத்தம் சொந்தப் பணத்தை வெளியிட்டன. நம்முடைய புது நோட்டில் முதல் பேரரசர் துவாங்கு அப்துல் ரஹ்மானின் படமும், துன் இஸ்மாயிலின் கையெழுத்தும் இருந்தன. பழைய நோட்டு ஒன்றுக்குப் புது நோட்டு ஒன்று, சரிக்குச் சரி. இரண்டும் சேர்ந்தே கடையில் ஓடின. பழையதை வங்கியில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். அவசரமில்லை என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள்.

பாட்டியும் அப்படித்தான் நினைத்தார். அத்தையின் கல்யாணத்துக்கென்று மைலோ டின்னில் இருநூறு வெள்ளி சேர்த்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தார். எல்லாம் பழைய நோட்டு. வங்கி இருப்பது டவுனில். ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் கூலி போச்சு. பஸ் காசு வேறு. சரி, தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

1967 நவம்பர் 18-ம் நாள், இங்கிலாந்து அரசாங்கம் தன் பவுனின் மதிப்பை நூற்றுக்கு 14.3 குறைத்துவிட்டதாக அறிவித்தது. அது அவர்கள் ஊர்ப் பிரச்சினை. நமக்கென்ன வந்தது என்று கேட்பீர்கள். மேலே சொன்ன பணமாற்றுக் கடையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பழைய நோட்டுகளுக்கு ஈடாக இருந்த சொத்து ஸ்டெர்லிங் பவுனில் இருந்தது. பவுன் இளைத்தால் பழைய நோட்டும் கூடவே இளைக்கும். புது நோட்டு பேங்க் நெகாராவினுடையது. அதன் மதிப்பு தங்கத்தை வைத்து நிர்ணயிக்கப்பட்டிருந்தது. 'லண்டன் இறங்கினால் நாங்களும் இறங்க வேண்டியதில்லை' என்று நம் அரசாங்கம் முடிவு செய்தது. சிங்கப்பூரும் புருணையும் அதே முடிவைத்தான் எடுத்தன. முன்பு ஒரு பவுன் வாங்க 8 வெள்ளி 57 காசு வேண்டும். இப்போது புது நோட்டில் 7 வெள்ளி 35 காசு போதும். புது வெள்ளி நிமிர்ந்து நின்றது. பழைய வெள்ளி மட்டும் பவுனோடு விழுந்தது. ஒரே இரவில் பழைய ஒரு வெள்ளிக்குப் புதிய 85 காசு என்றாகிவிட்டது.

அப்போது நிதியமைச்சர் துன் டான் சியூ சின். அவர் நம்மூர்க்காரர். இன்று ஜாலான் துன் டான் செங் லோக் என்று வழங்கும் ஹீரன் தெருக் குடும்பம்; தெங்கேராவிலிருந்து நடந்தே போய்விடலாம். நாட்டின் நாணயத்தை லண்டனோடு சேர்த்து இறக்காமல் காத்தது அரசாங்கம் செய்த நல்ல காரியந்தான். கோதுமை, மருந்து, இயந்திரம் என்று வெளிநாட்டிலிருந்து வருவதெல்லாம் விலையேறாமல் தப்பியது. ஆனால் அந்த நேரத்தில் பழைய நோட்டு யார் கையில் இருந்தது? வங்கிக் கணக்கு உள்ளவர்கள் பலர் ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள். தோட்டத்திலும் மீனவக் கம்பத்திலும் தலையணைக்குள்ளும் டின்னுக்குள்ளும் வைத்திருந்தவர்கள்தாம் மாட்டிக்கொண்டார்கள். பினாங்கில் தொழிற்கட்சி நவம்பர் 24-ம் நாள் ஹர்த்தால் நடத்தியது. அது கலவரமாகி உயிர்ச்சேதம் வந்து ஊரடங்கு போட வேண்டியதாயிற்று. பதினைந்து காசுக்கு இத்தனை ரகளையா என்று எழுதியவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், அந்தப் பதினைந்து காசு என்னவென்று டின்னில் சேர்த்தவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை அப்பா சொல்லியிருக்கிறார். அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. பாட்டி கடைக்குப் போய்ப் பத்து வெள்ளி நோட்டை நீட்டியிருக்கிறார். கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, 'தாயி, இது எட்டரை வெள்ளிதான்' என்றாராம். பாட்டி ஏமாற்றுகிறார் என்று நினைத்துச் சண்டை போட்டார். கடைக்காரர் தமிழ்ப் பத்திரிகையை எடுத்து விரித்துக் காட்டினார். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அப்பாதான் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னார். இருநூறு வெள்ளி நூற்றெழுபது ஆனது. போன முப்பது வெள்ளி, ஒரு வாரத்துக்கும் மேல் பால் வெட்டிய கூலி. 'லண்டன்ல பவுன் விலை இறங்கினா என் அரிசிப் பானையில ஏன்டா குறையணும்?' என்று பாட்டி கேட்டாராம். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு என்ன பதில் தெரியும்?

அதற்குப் பதில் எனக்கு இப்போது தெரியும். அறுபது ஆண்டுகளாக நம் பணத்தின் லகான் லண்டனில் இருந்தது. 1967-ல்தான் அது கோலாலம்பூருக்கு மாறியது. மாறுகிற நேரத்தில் பழைய குதிரையில் இருந்தவர்கள் கீழே விழுந்தார்கள். பழைய நோட்டு 1969 ஜனவரியோடு சட்டப்படி செல்லாமல் போயிற்று.

சரி, நோட்டு வெளியிடுவது மட்டுந்தானா பேங்க் நெகாராவின் வேலை? இல்லை. அங்கே போய் நீங்களும் நானும் கணக்குத் திறக்க முடியாது. அது அரசாங்கத்துக்கு வங்கி, வங்கிகளுக்கு வங்கி. மற்ற வங்கிகளைக் கண்காணிப்பது அது. லயத்துக்குத் தண்ணீர் விடும் பெரிய தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை அதிகம் திறந்தால் தண்ணீர் வீணாகி ஓடும். இறுக்கி மூடினால் கடைசி வீட்டுக்குச் சொட்டாது. பணம் அளவுக்கு மீறினால் வாழைமர நோட்டுக் கதை. சுருங்கினால் 1930-ம் ஆண்டுக் கதை. தொட்டிக் குழாயைத் திருகுவதுபோல் வட்டி விகிதத்தை ஏற்றி இறக்குவது பேங்க் நெகாரா. கோவிட் நோய் வந்து 2020-ல் வேலை முடங்கியபோது அந்த அடிப்படை விகிதத்தை 1.75-க்கு இறக்கினார்கள். பிறகு விலைவாசி ஏறியதும் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றி, 2023 மே மாதம் 3.00-க்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுக் கடன் எடுத்தவர்கள் மாதத் தவணை மாறியதைக் கவனித்திருப்பீர்கள். அது உங்கள் வங்கி மேலாளர் தன் இஷ்டத்துக்குச் செய்ததல்ல.

நாணயத்தின் வெளிநாட்டு மதிப்பு இன்னொரு சங்கதி. 1973 மே மாதம் வரை சிங்கப்பூர் வெள்ளியும் நம் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. ஜொகூரைத் தாண்டினால் மாற்றவே வேண்டாம். அந்த ஏற்பாட்டை நாம் விட்டு வெளியேறினோம். புருணையும் சிங்கப்பூரும் இன்றைக்கும் அதைத் தொடர்கின்றன. இப்போது சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு நாம் மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்கிறோம். நம் பழைய மாணவர்கள் எத்தனை பேர் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். வெளியேறியது சரியா தப்பா என்று படித்தவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். சொந்தக் குழாய் கையில் இருந்தால் மட்டும் போதாது, திருகும் கையும் சரியாக இருக்கவேண்டும் என்பதே என் கருத்து.

ஏனென்றால் அந்தக் கையும் தவறியிருக்கிறது. 1992, 93-ம் ஆண்டுகளில் பேங்க் நெகாரா வெளிநாட்டு நாணயங்களை வாங்கி விற்கும் வியாபாரத்தில் மிகப் பெரிய நஷ்டம் கண்டது. இங்கிலாந்துப் பவுன் 1992 செப்டம்பரில் விழுந்ததும் அதற்கு ஒரு காரணம். பார்த்தீர்களா, மறுபடியும் அதே பவுன்! கவர்னர் ஜாஃபார் உசேன் 1994-ல் பதவி விலகினார். கால் நூற்றாண்டு கழித்து 2017-ல் அரச விசாரணை ஆணையம் அமைத்துப் பார்த்தபோது நஷ்டம் 31.5 பில்லியன் ரிங்கிட் என்றது. இந்த எண்ணை எழுத்தால் எழுதிப் பாருங்கள் என்று ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடத்தில் கொடுத்தேன். பாதிப்பேருக்குச் சுழியம் போதவில்லை.

1997-ல் வந்த ஆசிய நெருக்கடி பெற்றோர்கள் பலருக்கு நினைவிருக்கும். அமெரிக்க டாலருக்கு இரண்டரை ரிங்கிட்டாக இருந்தது, 1998 ஜனவரியில் 4.88 வரை போயிற்று. பால்மாவு, மருந்து எல்லாம் ஏறியது. 1998 செப்டம்பர் தொடக்கத்தில், ரிங்கிட் நாட்டைவிட்டு ஓடாதபடி கட்டுப்பாடு விதித்து, டாலருக்கு 3.80 என்று கட்டிவைத்தார்கள். உலகத்துப் பொருளாதாரப் புலிகளெல்லாம் மலேசியா கெட்டது என்றார்கள். அந்த முடிவுக்கு உடன்படாமல் கவர்னரும் துணைக் கவர்னரும் விலகியே போனார்கள். ஆனாலும் நாடு மூழ்கவில்லை. 2005 ஜூலை 21-ம் நாள் அந்தக் கட்டை அவிழ்த்தார்கள். அந்தச் சமயத்தில் 500, 1000 ரிங்கிட் நோட்டுகளும் 1999 ஜூலை முதல் செல்லாதாயின. அதில் நம் தோட்டத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த நோட்டைக் கண்ணால் கண்டவரே இங்கே குறைவு.

இனி நான் சொல்வதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். நம்மிடம் இருக்கும் பணத்துக்கு இன்று வரும் ஆபத்து லண்டனிலிருந்து வருவதில்லை, வாசற்படிக்கே வருகிறது. 1986-ல் பணம் வாங்கிச் சேர்த்த 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கையை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள் பணத்தை எடுக்க முடியாமல் தவித்தார்கள். அதற்குப் பிறகுதான் பேங்க் நெகாராவின் கண்காணிப்பு இறுகியது. 2005-ல் வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் அமைந்தது. உரிமம் பெற்ற வங்கியில் நாம் போடும் பணத்துக்கு, வங்கியே முறிந்தாலும் 60,000 ரிங்கிட் வரை அப்போது பாதுகாப்பு இருந்தது. பின்னர் அதை 250,000 ஆக உயர்த்தினார்கள். மைலோ டின்னுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 'மாதம் நூற்றுக்குப் பத்து லாபம் தருகிறோம்' என்று வாட்சாப்பில் வருகிறவனிடம் கொடுத்த பணத்துக்கும் கிடையாது. அப்படி வருகிறவர்களில் சிலர், பேங்க் நெகாராவின் மான் முத்திரையையே காகிதத்தில் அச்சடித்துக்கொண்டு வருகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வேலை ஓய்வில் வந்த சேமநிதிப் பணத்தில் பெரும்பகுதியை இப்படி இழந்தது. யாரென்று இங்கே எழுதுவது முறையல்ல. அனுமதியின்றிப் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குவது சட்டப்படி குற்றம். சந்தேகத்துக்குரிய நிறுவனங்களின் பெயர்ப்பட்டியலைப் பேங்க் நெகாரா வெளியிட்டே வைத்திருக்கிறது. பணத்தைக் கொடுக்கும் முன் அதைப் பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கு வாருங்கள், பிள்ளைகளே பார்த்துச் சொல்வார்கள்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. வட்டிக்கடைக்கும் அடகுக்கடைக்கும் உரிமம் கொடுப்பது பேங்க் நெகாரா அல்ல; அது ஊராட்சித் துறை அமைச்சின் வேலை. கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தனி ஆணையம் உண்டு. ஆகவே 'எங்களுக்குப் பேங்க் நெகாரா லைசென்ஸ் இருக்கு' என்று ஒரு வட்டிக்காரர் சொன்னால், அந்த ஒரு வார்த்தையிலேயே அவரைத் தெரிந்துகொள்ளலாம். கடன் தலைக்குமேல் போய்விட்டவர்களுக்கு 2006 முதல் ஏ.கே.பி.கே. என்ற ஆலோசனை அமைப்பு இருக்கிறது. பேங்க் நெகாராதான் அதை அமைத்தது. வங்கிக் கடன், கிரெடிட் கார்டுக் கடன்களை மெல்ல மெல்லக் கட்டுவதற்கு வழி செய்து கொடுக்கிறார்கள். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வெட்கப்படாமல் போகலாம்.

மறுபடியும் பாட்டியின் கதைக்கு வருகிறேன். அந்த இருநூறு வெள்ளியில் பத்தொன்பது நோட்டை அவர் மாற்றிக்கொண்டார். ஒரு நோட்டை மட்டும் மாற்றவில்லை. 'பத்தைக் குடுத்து எட்டரை வாங்க மாட்டேன்' என்று பிடிவாதமாகச் சாமி அலமாரியில் வைத்துவிட்டார். 1961-ம் ஆண்டு வெளியான பத்து வெள்ளி நோட்டு. விவசாயி எருமை பூட்டி உழுகிற படம் போட்டது. பாட்டி காலமான பிறகு அது அப்பாவிடம் வந்தது, இப்போது என்னிடம் இருக்கிறது. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் காட்டினேன். 'சார், இதை இப்போ கடையில கொடுத்தா என்ன கிடைக்கும்?' என்று ஒரு பையன் கேட்டான். 'ஒன்றும் கிடைக்காது' என்றேன். பழைய நோட்டு சேகரிப்பவர்கள் பத்து வெள்ளியைவிட அதிகம் தருவார்கள் என்று இன்னொரு பெண் எழுந்து சொன்னாள். அவள் சொன்னதும் சரிதான். 'அப்போ பாட்டிதான் சார் ஜெயிச்சாங்க' என்றான் அவன்.

பரிசளிப்பு விழா அன்று நான்காம் வகுப்பறையில் வரலாற்றுக் கண்காட்சி வைத்திருக்கிறோம். அந்த நோட்டு அங்கே கண்ணாடிக்குள் இருக்கும். பக்கத்தில் இரண்டு வாழைமர நோட்டும், 1967-ம் ஆண்டுப் புது ஒரு வெள்ளியும் இருக்கும். உங்கள் வீட்டு டின்னிலோ பெட்டியிலோ இப்படிப் பழைய நோட்டு, காசு ஏதாவது கிடந்தால், விழாவுக்கு முன்னதாகப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். பெயர் எழுதி ஒட்டி வைத்து, விழா முடிந்ததும் பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவோம்.